இமைக்காத நோயாளி

பந்து மலைப்பாம்பு ஒன்று தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறங்கிச் சுருண்டுகொள்கிறது. மூக்கு மட்டும் வெளியே தெரிகிறது. ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று, எழுந்து வரக் காணோம். தோல் உரிக்கும் முன் பாம்புகள் இப்படித் தண்ணீரில் கிடப்பதுண்டு. புழுக்கம் தாங்காமலும் கிடக்கும். ஆனால் அனுபவமுள்ள வளர்ப்பாளர் தண்ணீரைத்தான் முதலில் உற்றுப் பார்ப்பார். பாத்திரத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தங்கியிருந்தால் விஷயம் விளங்கிவிடும். அவை மூழ்கிச் செத்த சிற்றுண்ணிகள். கையும் காலும் இல்லாத பிராணி, தன்னைக் கடிப்பவற்றைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றுகொண்டிருக்கிறது.

நாய், மாடுகளின் மேல் ஏறும் உண்ணிக்குச் சின்ன உறவுதான் இந்தச் சிற்றுண்ணி. எட்டுக் கால், ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின்னான உடல். ஓஃபியோநிசஸ் நட்ரிசிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். 1844இல் பால் ஜெர்வே என்ற பிரெஞ்சு விலங்கியலர் பதிவுசெய்தார். உலகில் எங்கெல்லாம் பாம்பைப் பெட்டிக்குள் வைத்து வளர்க்கிறார்களோ அங்கெல்லாம் இதுவும் வந்து சேர்ந்துவிட்டது. இது குடியிருக்கத் தேர்ந்தெடுக்கும் இடங்களைக் கவனியுங்கள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் ஒரு கண்ணாடிச் செதில் நிரந்தரமாக மூடியிருக்கும், தோலுரிக்கும்போது அதுவும் சேர்ந்தே கழன்று வரும். அந்தச் செதிலைச் சுற்றி நூலிழை அகலத்தில் ஒரு பள்ளம். சிற்றுண்ணி அங்கே வரிசைகட்டி உட்காரும். அடுத்தது தாடைக்கு அடியில் ஓடும் மடிப்பு. பிறகு செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே உள்ள மெல்லிய தோல். பூனையானால் நக்கும், கோழியானால் கொத்தும், குரங்கானால் இன்னொரு குரங்கு பேன் பார்த்துவிடும். பாம்புக்குச் சொறியவும் வழியில்லை.

இந்தச் சின்ன உயிரின் ஆயுள் கணக்கு வியப்பானது. முட்டை, ஆறுகால் இளவுயிரி, முதல் இளம்பருவம், இரண்டாம் இளம்பருவம், முதிர்பருவம் என ஐந்து படிகள். இவற்றில் முதல் இளம்பருவமும் முதிர்பருவமும் மட்டுமே ரத்தம் குடிக்கும். மற்ற படிகளில் சாப்பாடே இல்லை. சுமார் 25 டிகிரி செல்சியஸில் முட்டையிலிருந்து முதிர்பருவம் வரை 13 முதல் 19 நாள். ஒரு பெண் தன் வாழ்நாளில் 60 முதல் 80 முட்டை இடும். வயிறு நிறைந்ததும் அது பாம்பை விட்டு இறங்கி, இருட்டும் ஈரமும் உள்ள இடுக்கைத் தேடிப் போய் அங்கே முட்டையிடும். ஆண் துணை கிடைக்காவிட்டாலும் முட்டையிடுவது நிற்பதில்லை. கருவுறாத முட்டைகள் ஆணாகப் பொரியும், கருவுற்றவை பெண்ணாகும். ஆக, ஒரு பெட்டிக்குள் ஒரே ஒரு பெண் தப்பிப் பிழைத்தாலும் அடுத்த தலைமுறைக்கு வழி உண்டு.

அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் கேமின் 1940களின் பிற்பகுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் இவற்றோடு பொறுமையாகக் காலம் கழித்தவர். இது எந்தப் பக்கம் ஏறும், எந்த வாசனைக்குத் திரும்பும், எவ்வளவு ஈரத்தில் பிழைக்கும் என்றெல்லாம் பார்த்தார். பாம்புகளின் ரத்தத்தை நஞ்சாக்கும் ஏரோமோனஸ் என்ற பாக்டீரியாவை இவை ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் என்று 1948இல் காட்டியவரும் அவரே. கூட்டமாக ஏறினால் ரத்தசோகை, குட்டிப் பாம்பானால் சாவு. கூடவே நோயும் சவாரி செய்யும். போவா, மலைப்பாம்புகளைக் கொல்லும் ஒரு நரம்பு நோய்க்குக் காரணம் என்னவென்று பல்லாண்டுகள் தெரியாமல் இருந்தது. சில பாம்புகள் அந்த நோயில் தலையை மேலே தூக்கி வானம் பார்த்தபடி கிடக்கும். 2012இல் சான்ஃபிரான்சிஸ்கோ ஆய்வகம் ஒன்று அந்தப் பாம்புகளில் புதிய வைரஸ்களைக் கண்டெடுத்தது. அவை மனிதரைத் தாக்கும் லாசா காய்ச்சல் வைரஸின் தூரத்து உறவு. அவற்றைப் பரப்புவதிலும் சிற்றுண்ணி மேல் சந்தேகம் உண்டு.

இவ்வளவு வல்லமை உள்ள உயிரி, காட்டுப் பாம்புகளை ஏன் தீர்த்துக்கட்டவில்லை? காட்டில் இதன் பாடு பெரும்பாடு. வயிறு நிறைந்து இறங்கிய இடத்தை விட்டுப் பாம்பு போய்விடும். பொரித்து வரும் பிள்ளைகள் இன்னொரு பாம்பு அந்தப் பக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டும். காற்று வறண்டால் இளவுயிரிகள் காய்ந்து சாகும். பெரும்பாலானவை பாம்பையே காணாமல் முடிந்துபோகும். பெட்டிக்குள் இந்தக் கஷ்டம் ஒன்றும் இல்லை. பாம்பு போக இடமில்லை, ஈரம் அளவாக இருக்கிறது, சூடு ஒரே சீராக இருக்கிறது. பாம்பின் சுகத்துக்காக மனிதர் அமைத்த அத்தனை ஏற்பாடும் சிற்றுண்ணிக்கும் சுகமாக அமைந்துவிடுகிறது. வளர்ப்புப் பாம்பின் ஒட்டுண்ணிகளைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்குதான் சாவி என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். வட அமெரிக்கக் காட்டுப் பாம்புகளின் வாயைத் திறந்தால் சில சமயம் அண்ணத்தில் கருநிற இலைபோல் தட்டைப்புழுக்கள் ஒட்டியிருக்கும். இந்தப் புழுவின் குஞ்சு முதலில் நத்தைக்குள் வளர வேண்டும், அப்புறம் தவளைக்குள் புக வேண்டும், அந்தத் தவளையைப் பாம்பு தின்ன வேண்டும். மூன்று வீடு மாறினால்தான் வாழ்க்கை நிறைவேறும். பெட்டிக்குள் நத்தையும் இல்லை, தவளையும் இல்லை. உறையவைத்த எலிதான் சாப்பாடு. புழு முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், ஒன்றும் தேறாது. நாடாப்புழுக்கள் பலவற்றுக்கும் இதே கதி. இடையில் வேறு விலங்கு தேவைப்படும் ஒட்டுண்ணிகளைப் பெட்டி முடித்துவிடுகிறது; பாம்பிலிருந்து பாம்புக்கு நேராகத் தாவுபவற்றை வளர்த்துவிடுகிறது.

அப்படி நேராகத் தாவுபவற்றில் மருத்துவர்கள் மிக அஞ்சுவது கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. பாம்பின் இரைப்பைச் சுவரில் குடியேறி, அந்தச் சுவரைத் தடிக்கவைத்துக்கொண்டே போகும். சாப்பிட்ட எலியைச் சில நாளில் பாம்பு அப்படியே கக்கும். உடலின் நடுப்பகுதியில் ஒரு வீக்கம் தெரியும்; எலி செரிக்கிறது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் வாரங்கள் போனாலும் வீக்கம் வடியாது. இது வெளியேற்றும் விதைக்கூடுகள் ஒவ்வொன்றும் சுமார் 6 மைக்ரோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் குறுக்கே பத்துப் பன்னிரண்டை வரிசையாக நிறுத்தலாம். கூட்டின் ஓடு அவ்வளவு கெட்டி, சாதாரணமாகத் துடைக்கும் பிளீச்சிங் கரைசல் அதை ஒன்றும் செய்யாது. அம்மோனியாவும் கடுஞ்சூடும் நன்றாகக் காயவிடுவதும்தான் வழி. உறுதியாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. பல பாம்புகள் வைத்திருப்பவரிடம், தொற்றிய ஒன்றை வலியின்றிக் கருணைக்கொலை செய்துவிடுவது நல்லது என்று மருத்துவர் சொல்ல நேர்வது இதனால்தான்.

1990களில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு ஓர் அபாரமான யோசனையோடு வந்தார்கள். கருவுற்ற பசுக்களுக்கு, கன்றுகளைத் தாக்கும் கிரிப்டோஸ்போரிடியத்துக்கு எதிராகத் தடுப்பூசி போட்டார்கள். கன்று ஈன்றதும் சீம்பால் கறந்தார்கள். எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த அந்தச் சீம்பாலைக் குழாய் வழியாகப் பாம்பின் இரைப்பைக்குள் செலுத்தினார்கள். பாலுக்கும் பாம்புக்கும் இயற்கையில் ஒரு சம்பந்தமும் கிடையாது. புற்றில் பால் ஊற்றும் நம் ஊர் வழக்கம் பாம்பின் செரிமானத்துக்கு ஒத்துவராது என்று பாம்பு ஆர்வலர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். ஆனால் இங்கே பால் உணவாகப் போகவில்லை, பசுவின் நோயெதிர்ப்பைச் சுமந்து போயிற்று. சோதித்த பாம்புகளில் தொற்று வெகுவாகக் குறைந்தது. அப்படித் தயாரித்த சீம்பால் மருந்துக்கடையில் கிடைக்காது என்பதால் அது அன்றாட சிகிச்சையாகவில்லை.

நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே ஒரு துப்பறியும் வேலை. மலத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆனால் பாம்பு மாதக்கணக்கில் மலம் கழிக்காமல் இருக்கக்கூடிய பிராணி. கபூன் விரியன் ஒன்று 420 நாள் அடக்கி வைத்திருந்ததாகப் பதிவு இருக்கிறது. மருத்துவரும் வளர்ப்பாளரும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க முடியாது. அதனால் மென்மையான குழாயை வாய் வழியாக இறக்கி, உப்புநீர் விட்டு, இரைப்பையைக் கழுவி எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஒருமுறை பார்த்து இல்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. விதைக்கூடுகள் விட்டு விட்டுத்தான் வெளியே வரும்.

மாதிரி கிடைத்த பின்னும் ஏமாற இடமுண்டு. பாம்பின் மலத்தில் புழு முட்டை தெரிகிறது, சிற்றுண்ணி முட்டை தெரிகிறது, கிரிப்டோஸ்போரிடியமே தெரிகிறது. ஆனால் அவை பாம்புடையவையாக இருக்க வேண்டியதில்லை. தின்ற எலியின் குடலிலும் ரோமத்திலும் இருந்தவை, பாம்புக்குள் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் இறங்கிய வெறும் பயணிகளாக இருக்கலாம். இவற்றைப் போலி ஒட்டுண்ணி என்பார்கள். எலியின் கிரிப்டோஸ்போரிடியத்தையும் பாம்பினுடையதையும் வெறுமனே பார்த்துப் பிரிப்பது கடினம். மரபணுவைப் பிரதியெடுத்துப் பார்க்கும் பிசிஆர் சோதனைதான் தீர்ப்புச் சொல்லும். அது இல்லாமல் அவசரப்பட்டால் எலியின் வியாதிக்குப் பாம்பைக் கொன்ற பழி வந்து சேரும்.

பக்கத்துவீட்டுக்காரரால் வரும் வியாதியும் உண்டு. என்டமீபா இன்வேடன்ஸ் என்ற அமீபா ஆமைகளின் குடலில் சாதுவாகக் காலம் தள்ளும். அதே அமீபா பாம்புக்குள் போனால் குடலைத் துளைத்து, கல்லீரலுக்கும் பரவி, கொன்றுவிடும். ஆமையைத் தொட்ட கையோடு பாம்பின் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவைத்தால் போதும். மனிதருக்குச் சீதபேதி தரும் அமீபாவை ஆய்வகத்தில் வளர்த்தால் அது உறைக்குள் சுருங்கிக்கொள்ளும் வித்தையைக் காட்ட மறுக்கிறது. பாம்பைக் கொல்லும் இதுவோ கேட்டபோதெல்லாம் காட்டுகிறது. மனித வயிற்றுக்கடுப்பைப் பற்றி நாம் தெரிந்துகொண்டதில் ஒரு பங்கு இந்தப் பாம்புக் கொல்லியிடமிருந்து வந்தது.

இனி சிகிச்சை. முதல் சிக்கல், நோயாளியின் நீளம். இதயம் எங்கே? பெரும்பாலும் உடலின் முன் மூன்றில் ஒரு பங்குக்குள். வயிற்றுப்பக்கச் செதில்கள் லேசாகத் துடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நஞ்சுள்ள பாம்பானால் ஊடு தெரியும் குழாய் ஒன்றுக்குள் தலையை நுழையவிட்டு, பாதி உடல் உள்ளே போனதும் குழாயையும் உடலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். ஊசி போடுவது உடலின் முன்பாதியில். வால் பக்கத்து ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் வழியில் சிறுநீரகத்துக்குள் புகுந்து வரக்கூடும். பின்பக்கம் போட்ட மருந்து உடலில் பரவும் முன்பே வெளியேறலாம், அல்லது சிறுநீரகத்தையே பதம் பார்க்கலாம்.

அடுத்தது சூடு. பாம்பு புறவெப்ப உயிரி, அதாவது உடல் சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் பிராணி. அறை குளிர்ந்தால் இதயம், செரிமானம், நோயெதிர்ப்பு, மருந்தைக் கரைத்து வெளியேற்றும் வேகம் எல்லாம் குறையும். ஆகவே பெட்டியின் வெப்பநிலையும் மருந்துச் சீட்டில் ஒரு பகுதி. செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக்கை மனிதருக்குப் பெரும்பாலும் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். 30 டிகிரியில் வைத்த பாம்புக்கு 72 மணி நேரத்துக்கு ஒன்று போதும். மனிதக் கணக்கில் போட்டால் மருந்தே விஷம்.

சிற்றுண்ணிக்கு வெகுகாலமாகக் கைகொடுப்பது ஐவர்மெக்டின். ஜப்பானில் சதோஷி ஓமுரா சேகரித்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து; அதற்காக அவருக்கும் வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பூச்சி, புழுக்களின் நரம்பில் உள்ள வாயில்களைத் திறந்தபடியே நிறுத்தி, அவற்றை முடக்கிவிடும். முதுகெலும்புள்ள விலங்குகளின் மூளையிலும் இது தாக்கக்கூடிய வாயில்கள் இருக்கின்றன. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே நிற்கும் தடுப்பு பொதுவாக மருந்தை உள்ளே விடுவதில்லை. பாம்புக்குக் கிலோவுக்கு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவில் பெரும்பாலும் தாங்கும். ஆமைக்குத் தாங்காது. அதே மருந்து ஆமையை வாதம் வந்ததுபோல் கிடத்திக் கொன்றுவிடும். 1983லேயே இது பதிவாகிவிட்டது. இரண்டும் ஊர்வனதானே என்று மாட்டுக்கு வாங்கிய குப்பியிலிருந்து உறிஞ்சிப் போடுபவர்களை நினைத்து மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான்.

மருந்தால் மட்டும் காரியம் முடியாது. பாம்பின் மேல் இருப்பவை செத்தாலும் பெட்டியின் இடுக்குகளில் முட்டை இருக்கிறது. பசியோடு மூன்று நான்கு வாரம் தாங்கும் இளம்பருவம் காத்திருக்கிறது. அதனால் மண், மரத்தூள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெள்ளைக் காகிதம் விரிப்பார்கள். மரக்கட்டை, மறைவிடம் எல்லாம் வெளியே போகும் அல்லது கொதிநீரில் மூழ்கும். ஒருமுறை செய்து நிறுத்தாமல், முட்டை பொரித்து வரும் நாளைக் கணக்கிட்டு மறுபடி மறுபடி செய்வார்கள். வெள்ளைக் காகிதம் உளவாளி மாதிரி: கரும்புள்ளி நகர்ந்தால் போர் இன்னும் முடியவில்லை என்று காட்டிக்கொடுக்கும். ஐரோப்பாவில் இன்னொரு உத்தியும் விற்பனைக்கு உண்டு. தானியக் கிடங்குகளில் மற்றச் சிற்றுண்ணிகளை வேட்டையாடித் தின்னும் கெய்லெடஸ் என்ற வேறொரு சிற்றுண்ணியைப் பெட்டிக்குள் விட்டுவிடுவது. அது பாம்பைத் தொடாது. இரை தீர்ந்ததும் தானே பட்டினியில் மடிந்துபோகும்.

புதுப் பாம்பு வந்தால் இரண்டு மூன்று மாதம் வேறு அறையில், வேறு பாத்திரம், வேறு கொக்கியோடு தனியே வைப்பது நல்ல வளர்ப்பாளரின் வழக்கம். கள்ளக்கடத்தலில் இதற்கெல்லாம் இடம் ஏது? பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் துணிப்பைகளுக்குள் பந்து மலைப்பாம்புகள் பிடிபட்ட செய்தி சென்னை விமான நிலையத்திலிருந்து பலமுறை வந்திருக்கிறது. ஒரே பெட்டியில் பல பாம்புகள், பல ஊர் ஒட்டுண்ணிகள். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவுசெய்ய வேண்டும் என்று 2024இல் விதிகள் வந்தன. திருட்டுத்தனமாக வாங்கியவர் பாம்பு நோயுற்றால் மருத்துவரிடம் போகவும் தயங்குவார்; ஒட்டுண்ணிக்கு இதைவிட வசதி வேண்டாம்.

பெட்டி திறந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஃபுளோரிடா காட்டியிருக்கிறது. செல்லப்பிராணி வணிகத்தில் வந்த பர்மிய மலைப்பாம்புகள் அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகிவிட்டன. கூடவே ஆசியாவிலிருந்து அவற்றின் நுரையீரலில் வந்தது ஒரு நாக்குப்புழு. பெயரில்தான் புழு. இதன் விந்தணுவின் அமைப்பு மீன்பேன் என்ற சிறு ஓட்டுடலியுடையதை அப்படியே ஒத்திருப்பதை 1972இல் கார்ல் விங்ஸ்ட்ராண்ட் கண்டார். 1989இல் மரபணுவும் அந்த உறவை உறுதிசெய்தது. கால் இழந்து, வாயருகே இரண்டு ஜோடிக் கொக்கிகளை மட்டும் வைத்துக்கொண்டு, பாம்பின் மூச்சுக்குள் குடியேறிய இறால், நண்டு வகையறா! பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, நம்மைப்போல் இருமித் துப்பவும் முடியாது.

இந்த நாக்குப்புழு வீடு மாறி வாழும் வகை. பெட்டிக்குள் அதற்கு எதிர்காலம் இல்லை; ஃபுளோரிடாவின் வெளியில் தேவையான எல்லாம் கிடைத்தது. பாம்பின் எச்சத்தில் வெளிவரும் முட்டையைக் கரப்பான் முதலிய பூச்சிகள் தின்கின்றன, பூச்சியைப் பல்லியும் தவளையும் தின்கின்றன, அவற்றை உள்ளூர்ப் பாம்புகள் தின்கின்றன. பர்மிய மலைப்பாம்பு எட்டியே பார்க்காத வடக்குப் பகுதிகளில், குட்டையான உள்ளூர்க் கிலுகிலுப்பை விரியன்களின் நுரையீரலில் இப்போது அது இருக்கிறது. எலியைத் தொட மறுக்கும் குட்டிப் பாம்புக்கு வெளியில் பிடித்த பல்லியைக் கொடுத்துப் பழக்குவது வளர்ப்போரின் பழைய உத்தி. அந்த ஊரில் இன்று அப்படிச் செய்பவர், காட்டில் பெருகிய நாக்குப்புழுவை மறுபடியும் பெட்டிக்குள் அழைத்துவருகிறார்.